கொண்டுவந்தவர் எழுதி வைத்தாரா?

1751ஆம் ஆண்டு டிசம்பரில் ஆரணிக்கு அருகே ஒரு பணப்பெட்டி கை மாறியது. ஆற்காட்டுக் கோட்டையை 50 நாள் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் பின்வாங்கிய ரஜா சாகிப், பிரெஞ்சுத் துணைப்படையோடு இந்தப் பக்கம் வந்தபோது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் வழிமறித்தார். கிளைவின் படைக்கு முன்னால் சேறு கட்டிய நெல்வயல். அதைக் கடக்க ஒடுக்கமான ஒரு கரைவழிதான் உண்டு. பீரங்கியோடு அந்தக் கரைமேல் வந்து மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரர்களால் விலகவும் முடியவில்லை, விரிந்து நிற்கவும் முடியவில்லை. இருட்டும் வரை நடந்த சண்டையில் ரஜா சாகிப்பின் படை சிதறிப்போனது. கிளைவுக்குத் துணையாக வந்திருந்த முராரி ராவின் மராட்டியக் குதிரைக்காரர்கள் துரத்திப்போய் 400 குதிரைகளையும், 1 லட்சம் ரூபாய் இருந்த படைச்செலவுப் பெட்டியையும் பிடித்தார்கள். தோற்ற பக்கத்துச் சிப்பாய்களில் 600 பேர் கையில் இருந்த ஆயுதத்தோடு வந்து கிளைவிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடு என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே நூற்றாண்டில், அதே கம்பெனிப் படைகள் இதே வட்டாரத்திலிருந்து புறப்பட்டுப்போய் எடுத்துவந்த வேறு பொருள்களுக்காக இன்னும் வழக்கும் ஏலமும் நாடாளுமன்றக் கேள்வியும் ஓய்ந்தபாடில்லை. பெட்டியில் இருந்தது செலவாகிப்போன வெள்ளி, மற்றது அருங்காட்சியகத்தில் இருக்கும் கலைப்பொருள், அதுதான் வித்தியாசம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமான விடையாகப் படவில்லை. பெட்டி ஒரு படையின் சம்பளப் பணம். அதை இழந்தவர் எதிர்ப்படையின் தலைவர். எங்கே, எப்போது, யார் எடுத்தார்கள் என்பது அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. போர்க்களத்திலிருந்து ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்த பொருளின் நியாயத்தை அதன் விலையோ வயதோ தீர்மானிப்பதில்லை. அது யாருடையதாக இருந்தது, வந்த வழியை எடுத்தவர் சொல்லி வைத்தாரா என்ற இரண்டு கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. திருப்பித் தரலாமா வேண்டாமா என்ற சண்டை இவற்றுக்குப் பிறகு வர வேண்டியது. நாம் அதையே முதலில் எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம்.

‘அந்தக் காலத்தில் கொள்ளை சகஜம், இன்றைய அளவுகோலை அன்றைக்கு வைக்கக்கூடாது’ என்பார்கள். வழக்கமாக வரும் முதல் ஆட்சேபம் இதுதான். அதற்கான பதில் ஆரணிச் சண்டைக்கு மூன்று மாதம் முந்திய ஆற்காட்டிலேயே கிடைக்கிறது. கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் நுழைந்தபோது, பாதுகாப்புக்காக வியாபாரிகள் அங்கே கொண்டுவந்து வைத்திருந்த சரக்கு, ஏறத்தாழ 50,000 பவுண்டு மதிப்புள்ளது, அவர் கைக்கு வந்தது. அதை அப்படியே உரியவர்களிடம் ஒப்படைத்ததாகக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். தயாள குணத்தால் செய்தார் என்று நினைக்க வேண்டாம், ஊர்ப் பெரியவர்களைத் தன் பக்கம் இழுக்கும் கணக்கு அதில் உண்டு. ஆனாலும் படைத்தலைவரின் பெட்டி வேறு, வியாபாரியின் மூட்டை வேறு என்பது 1751இல் 25 வயது இளைஞருக்குத் தெரிந்திருந்தது. அதே மனிதர் பின்னால் வங்காளத்தில் எப்படி நடந்துகொண்டார் என்பது நாடறிந்த கதை. அதனால் அன்றைக்கு இந்த வேற்றுமையே தெரியாது என்ற வாதம் நிற்காது. தெரிந்துதான் மீறினார்கள்.

மீறலின் பெரிய உதாரணம் ஸ்ரீரங்கப்பட்டணம். 1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரில் திரண்டு மைசூருக்குப் புறப்பட்டது. மே 4ஆம் தேதி கோட்டை விழுந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அன்றிரவு வெள்ளைச் சிப்பாய்களும் நாட்டுச் சிப்பாய்களும் வீடு வீடாகப் புகுந்தார்கள். கொள்ளையடிக்கப்படாத வீடு அநேகமாக இல்லை என்று ஆர்தர் வெல்லெஸ்லி தன் அண்ணனான கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார். பிறகு வெலிங்டன் பிரபு ஆனவர் இவர்தான். மறுநாள் சிலரைத் தூக்கிலிட்டும் பலரைக் கசையால் அடித்தும் அவர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். அன்றைய ராணுவச் சட்டப்படியே அது குற்றம் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமா? ஆனால் தெருவில் எடுத்தவருக்குத்தான் தூக்கு. அரண்மனையில் எடுப்பதற்குக் குழு அமைத்தார்கள். பரிசுப்பொருள் முகவர்கள் என்று அதிகாரிகளை நியமித்து, கஜானாவையும் நகையையும் துணியையும் கணக்கெடுத்து, பதவிவாரியாகப் பங்கு பிரித்தார்கள். ஜெனரல் ஹாரிஸுக்கு வந்தது 1 லட்சம் பவுண்டுக்கும் மேல். சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்குச் சில பவுண்டு, நம் வட்டாரமான கர்நாடகச் சீமையிலிருந்து போன நாட்டுச் சிப்பாய்க்கு அதிலும் குறைவு. வெற்றிக்காகப் பர்மிங்காமில் அடித்த பதக்கத்திலும் இதே ஏணிதான்: மேலதிகாரிக்குத் தங்கம், இளைய அதிகாரிக்கு வெள்ளி, அதற்குக் கீழே வெண்கலம், சிப்பாய்க்கு வெள்ளீயம். பதக்கத்தின் மேல் இருந்த படம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று: புலியைக் கீழே தள்ளி அமுக்கும் சிங்கம்.

‘அவர்கள் எடுத்துப்போகாவிட்டால் இங்கே அழிந்திருக்கும்’ என்ற அடுத்த ஆட்சேபத்துக்கும் இதே இடத்தில் பதில் இருக்கிறது. திப்புவின் சிம்மாசனம் தங்கத்தகடு போர்த்தியது. சுற்றிலும் மணிகள் பதித்த சின்னப் புலித்தலைகள், முன்னால் பெரிய புலித்தலை, விதானத்தின் மேல் ஹுமா பறவை. முழுதாக ஒருவருக்குக் கொடுத்தால் பங்கு பிரிக்க முடியாது என்பதால் அந்த முகவர்கள் அதை உடைத்தார்கள். பெரிய புலித்தலையும் பறவையும் விண்ட்சர் அரண்மனைக்குப் போயின. சின்னத் தலைகளில் ஒன்று வேல்ஸில் உள்ள போவிஸ் மாளிகையில் இருக்கிறது. இன்னொன்று நாட்டை விட்டுப் போய்விடக்கூடாது என்று 2021இல் பிரிட்டிஷ் அரசே ஏற்றுமதித் தடை போட்டு, 15 லட்சம் பவுண்டு என்று மதிப்பும் போட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்த பொருள் பிரிட்டனை விட்டு வெளியேறினால் பிரிட்டனின் பாரம்பரியத்துக்கு இழப்பு என்று சொல்லும்போது யாருக்கும் முகம் சிவக்கவில்லை போலிருக்கிறது. எப்படியும், காப்பாற்றினோம் என்கிற வாதம் சிம்மாசனத்தின் விஷயத்தில் செல்லாது.

துணியின் விஷயத்தில் செல்லும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே போவிஸ் மாளிகையில் திப்புவின் கூடாரம் இருக்கிறது. கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். அவரும் மனைவி ஹென்ரியட்டாவும் சேர்த்த பொருள்களோடு அது போனது. பருத்தித் துணியில் சாயம் பிடித்த சீட்டிவேலை. வெள்ளைத் தளத்தில் வளைவு வளைவாக மாடங்கள், ஒவ்வொரு மாடத்துக்குள்ளும் ஒரு சாடி, சாடியிலிருந்து எழும் சிவப்புப் பூக்கொடி. திப்பு பிறப்பதற்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் செய்யப்பட்ட துணி என்கிறார்கள். பாவும் ஊடையும் சாயமும் அன்றாடப் பேச்சாக இருக்கும் ஆரணி போன்ற ஊருக்குத் தெரியும், முந்நூறு வருஷத்துப் பருத்தி நம் வெயிலிலும் ஈரத்திலும் தப்பிப் பிழைப்பது எத்தனை அபூர்வம் என்று. போவிஸ் குடும்பத்தார் அதைத் தோட்ட விருந்துக்குப் பந்தலாகக் கட்டினார்கள். அப்படியிருந்தும் அது பிழைத்துக்கிடக்கிறது. ஆனால் பராமரித்ததற்கு நன்றி சொல்வது ஒன்று, உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. அடகுக்கடைக்காரர் நகையைப் பத்திரமாக வைத்திருந்தார் என்பதற்காக நகை அவருடையதாகிவிடுமா? இங்கே அடகுச் சீட்டுகூட இல்லை.

அந்தச் சீட்டு இல்லாததுதான் சங்கடம். இதைக் காட்ட வளரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சிவகங்கைச் சீமையின் அந்த எறிதடி இன்று பிரிட்டனின் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தன் ராணுவ நினைவுகளில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801இல் மருது சகோதரர்களை வேட்டையாடிய படையில் இருந்தார். அந்த அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஆக, அந்தத் தலைமுறை அதிகாரி ஒருவரின் பெட்டிக்குள் ஒரு வளரி இருந்தால், அது நட்பாக இருந்த நாளில் கொடுத்த அன்பளிப்பாகவும் இருக்கலாம், செத்தவர் கையிலிருந்து உருவியதாகவும் இருக்கலாம். மரத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. கூட ஒரு வரி எழுதியிருந்தால் சொல்லலாம்.

‘நம் ராஜாக்கள் மட்டும் செய்யவில்லையா?’ என்று கேட்பவர்களை மடக்கிவிட்டுப் போகக்கூடாது. செய்தார்கள். 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகச் சீமைக்குள் புகுந்து ஊர்களைக் கொளுத்தி, மாடுகளையும் மனிதர்களையும் ஓட்டிக்கொண்டு போனது. அந்தப் போரில் அவருடைய பெரிய ஆயுதக் கிடங்காக இருந்த இடமே ஆரணிதான். 1782 ஜூன் 2ஆம் தேதி சர் அயர் கூட் இங்கே வந்து மோதினார், முடிவில்லாமல் போனது. இன்னும் பின்னால் போனால் சோழர்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் கதையின் மேல் சாய்ந்து நிற்கும் ஒரு துவாரபாலகர் சிலை உண்டு. முன்பு தாராசுரம் கோயிலில் இருந்தது. சோழநாட்டுச் சிற்பிகளின் கைவேலை அல்ல அது, சாளுக்கியர் வேலை. அதன் அடிப்பீடத்தில் தமிழில் வெட்டியிருக்கிறது: விஜயராஜேந்திரர் கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் இது என்று. விஜயராஜேந்திரர் என்பது முதலாம் ராஜாதிராஜன். படையெடுப்பு பதினோராம் நூற்றாண்டின் நடுவில் நடந்தது. கல்யாணபுரம் இன்றைய கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்து பசவகல்யாண்.

ராஜாதிராஜன் ஒப்புதல் வாக்குமூலம் எழுதவில்லை, ஜம்பமாகத்தான் எழுதினான். போவிஸ் மாளிகையும் ஒருகாலத்தில் ஜம்பமாகத்தான் காட்டியது. அப்படியானால் சோழனை மட்டும் ஏன் மெச்ச வேண்டும் என்றால், மெச்சவில்லை. அந்த ஒரு வரியால் ஆயிரம் வருஷம் கழித்தும் எது, எங்கிருந்து, யாரால், எப்படி என்ற நான்கையும் தெரிந்துகொண்டு நம்மால் பேச முடிகிறது என்றுதான் சொல்கிறேன். பேசத் தொடங்கினால் நமக்கும் கொஞ்சம் கசக்கும். லண்டன் திருப்பித் தர வேண்டும் என்று கேட்கும் அதே வாயால், பசவகல்யாண்காரர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரே நாட்டுக்குள் இருப்பதால் இரவல் கொடுத்து வாங்குவதற்கு வழிகள் அதிகம், அவ்வளவுதான். கேள்வியே தப்பு என்று சொல்ல முடியாது.

இருப்பவற்றில் கனமான ஆட்சேபம், திருப்பித் தருவதென்றால் யாரிடம் தருவது என்பது. திப்புவின் அரசு இல்லை. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு அவருடைய பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கர்நாடக அரசுக்கா, இந்திய அரசுக்கா, சந்ததிக்கா? இதற்குச் சுலபமான பதில் இல்லை. ஆனால் வாரிசு யார் என்பதில் குழப்பம் இருந்தால், அதனாலேயே வைத்திருப்பவருக்கு உரிமை வந்துவிடாது. கண்டியைப் பார்க்கலாம். கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், மதுரை நாயக்கர் உறவு வழியில் வந்தவர். 1815இல் பிடிபட்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்துமண்டபம் அவருடைய நினைவிடம். அவருடைய சிம்மாசனமும் கிரீடமும் இங்கிலாந்துக்குப் போயின. ராஜ்யமே அழிந்து 119 வருஷம் கழித்து, 1934இல் அவற்றைப் பிரிட்டன் கொழும்புக்குத் திருப்பிக் கொடுத்தது. அரசர் இல்லை, அரசும் இல்லை, ஆனால் அதைத் தன்னுடையது என்று சொல்லும் ஜனங்கள் இருந்தார்கள். 1765இல் டச்சுக் கம்பெனிப் படை கண்டியிலிருந்து எடுத்துப்போன, வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்த லெவ்கே பீரங்கியை 2023 டிசம்பரில் நெதர்லாந்தும் திருப்பிவிட்டது. அதற்கு முன் டச்சு அருங்காட்சியகத்தாரும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து பீரங்கி வந்த வழியைத் தேடி எழுதினார்கள். எழுதி முடித்தபோது, வைத்திருக்கலாம் என்று வாதாட யாருக்கும் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

மாறாக, வழியைத் தேடாமல் காசை மட்டும் வீசினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. திப்புவின் வாள் ஒன்றை விஜய் மல்லையா லண்டன் ஏலத்தில் எடுத்தபோது நாடே கைதட்டியது. 2018இல் கடன் வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்த வாள் வீட்டுக்கு ராசி இல்லை என்று யாருக்கோ கொடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. 2023 மே மாதம் திப்புவின் படுக்கையறை வாள், ஸ்ரீரங்கப்பட்டணத் தாக்குதலை நடத்திய தளபதி பெய்ர்டுக்கு அன்று பரிசாகக் கொடுத்தது, 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. ஏலம் ஊரறிய நடக்கிறது, அதன் பிறகு பொருள் ஒரு தனியார் பெட்டகத்துக்குள் போய்விடுகிறது. 1970இல் வந்த யுனெஸ்கோ உடன்படிக்கை பின்னோக்கிச் செல்லாது என்பதால் சட்டம் இங்கே கைகட்டி நிற்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ராஜாக்களின் சொத்து. விவாதம் உண்மையில் கூர்மையாவது சாதாரணச் சிப்பாய் பையில் போட்டுக்கொண்டு வந்த சின்னப் பொருளில்தான். 1963இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு மதுக்கடையை வாங்கியவர்களுக்கு, சாமான் போடும் அறையில் ஒரு மண்டையோடு கிடைத்தது. கண்குழிக்குள் மடித்துச் செருகிய காகிதம். அதில் இருந்த பெயர் ஆலம் பேக், 46ஆம் வங்காளக் காலாட்படையின் ஹவில்தார். 1857 கலகத்தில் ஈடுபட்டதாகப் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டவர். தண்டனையை நேரில் பார்த்த ஓர் அதிகாரி தலையை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்தக் காகிதத்தை நூல்பிடித்துப் போய்த்தான் வரலாற்றாசிரியர் கிம் வாக்னர் அவருடைய கதையைத் தேடி எழுதினார். காகிதம் இல்லையென்றால் அது பெயரில்லாத எலும்பு. மனித உடலின் பாகத்தை வைத்துக்கொள்ள எந்த வாதமும் கிடையாது என்பது என் முடிவு. 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் நாகர் மண்டையோடு ஒன்று ஏலப் பட்டியலில் வந்து, நாகாலாந்து முதல்வர் எதிர்த்ததும் விலக்கிக்கொள்ளப்பட்டதே, அதை வைத்துப் பார்த்தால் ஏலக்காரர்களும் அந்த முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியச் சிப்பாய்கள் இடுப்பில் சுற்றிப்போன கொடியும் இப்படித்தான். சிவப்பு வட்டத்தைச் சுற்றி உறவினரும் அக்கம்பக்கத்தாரும் பெயர் எழுதி அனுப்பிய துணி. செத்தவர் உடம்பிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் எடுத்துவந்தார்கள். அந்தப் பெயர்களைப் படித்தே குடும்பத்தைக் கண்டுபிடித்துத் திருப்பித் தரும் வேலையை அமெரிக்காவின் ஒரிகானில் ஓபான் சொசைட்டி என்ற அமைப்பு செய்துவருகிறது.

1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுவிட்டன. பிடிபட்டவரின் ஆயுதத்தை எடுக்கலாம். அவருடைய சொந்தச் சாமானைத் தொடக்கூடாது. இறந்தவரின் கடிதமும் மோதிரமும் போட்டோவும் அவருடைய நாட்டின் வழியாகக் குடும்பத்துக்குப் போய்ச்சேர வேண்டும். இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும் கொள்ளை தேடிப் போவதைக் குற்றமாக்குகிறது. 1965இல் கேம்கரனில் பிடித்த பாகிஸ்தானிய பாட்டன் டாங்குகளைப் பொது இடத்தில் நிறுத்தியதில் யாருக்கும் உறுத்தல் வேண்டியதில்லை, ஆரணிப் பணப்பெட்டியின் வகை அது. எதிரிநாட்டுச் சிப்பாயின் சட்டைப்பையிலிருந்து வந்த அம்மாவின் போட்டோ அந்த வகை அல்ல.

வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியவை. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். இந்த ஊர்களில் முதல் உலகப்போர்ப் பதக்கம் பரணிலோ பெட்டியிலோ கிடக்கலாம். படைவீரருக்குக் கொடுத்தது வெள்ளி என்பதால் நகைக்கடைத் தராசுக்கு வருவதும் உருக்குவதும் நடக்கக்கூடியதுதான். அதன் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். உருக்கினால் மிஞ்சுவது கொஞ்சம் வெள்ளி. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. இரண்டில் ஒன்று ஒரு பதிவேடு தொடங்கலாம். பொருளை ஒப்படைக்கச் சொல்ல வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். என்ன பொருள், எந்தப் படைப்பிரிவு, எந்த இடம், எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்று ஐந்து கட்டம் போதும். கடைசிக் கட்டத்தை நிரப்பப் பலர் தயங்குவார்கள். காலியாக விட்டாலும் சரி, பதிவேட்டில் அந்தக் கட்டம் இருக்க வேண்டும்.